பவுசர் வராத ஒழுங்கையும் நான் போட்ட தகவல் விண்ணப்பமும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆடி, ஆவணி பிறந்தால் தண்ணீர்க் கணக்குத்தான். மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். நாங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். கோடையில் மோட்டர் போட்டு இழுக்க இழுக்க உவர் மேலே ஏறிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும். தேத்தண்ணி போட்டால் வாயில் வைக்க ஏலாது. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைத் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர் என்று பத்திரிகையில் வந்தது. அந்தக் குழாய் எங்கள் ஒழுங்கைக்கு வந்திருக்கவில்லை. குடிக்கவும் சமைக்கவும் பிரதேச சபையின் பவுசர், அதாவது தண்ணீர் கொண்டுவரும் லொறிதான் கதி.

அந்தக் கோடையில் பவுசர் சந்தி வரை வந்து தாங்கியை நிரப்பிவிட்டு அப்படியே திரும்பிப் போனது. எங்கள் பக்கத்துத் தாங்கியில் பல்லி ஓடியது. சாரதியைக் கேட்டால் "லிஸ்டில இல்லை அக்கா". கிராம சேவையாளரைக் கேட்டால் சபையைக் கேளுங்கள். சபையைக் கேட்டால் வறட்சிக்கால விநியோகத்துக்குக் காசு பிரதேச செயலகத்தால் வரவேண்டும். உறுப்பினரிடம் போகலாம் என்றால் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. செயலாளரும் உத்தியோகத்தர்களும் மட்டும் சபையை நடத்தினார்கள். வீடு வீடாகத் தனியார் ரக்ரரில் தண்ணீர் வாங்கினோம். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது சின்னக் காசில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவிக்கலாம் என்று சொன்னவர் பக்கத்து வளவு மாமா. ஓய்வுபெற்ற இலிகிதர். கோப்பு எந்த அலுமாரியில் தூங்கும் என்பது அவருக்குத் தெரியும். "ஏன் பவுசர் வரேல்லை எண்டு கேட்டா அவையள் ஒரு கதை எழுதி அனுப்புவினம் பிள்ளை. எந்தப் புத்தகத்தில பதிவு இருக்கோ அந்தப் புத்தகத்தின்ர கொப்பியைக் கேள்" என்றார்.

அவரோடு இருந்து எழுதியவை இவை. பவுசரின் ரனிங் சார்ட், அதாவது அது ஓடிய பதிவு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தண்ணீர் விநியோகத்துக்கான இடங்களின் பட்டியல், அதைத் தயாரித்த திகதி, யாருடைய பரிந்துரையில் தயாரித்தது. அந்த மூன்று மாதத்துக்கும் செலவான எரிபொருள், அதற்குக் காசு தந்த இடம். பவுசர் பழுதாய் நின்ற நாட்கள். ஒரு கேள்வியும் "ஏன்" என்று தொடங்கவில்லை.

சட்டம் 2016இன் 12ஆம் இலக்கம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. எதற்குக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். கனடாவில் இருக்கிற அண்ணா தன் பேரில் போடட்டுமா என்று துள்ளினான். இலங்கைப் பிரஜைக்குத்தான் அந்த உரிமை. அவன் அங்கே பிரஜாவுரிமை எடுத்து எத்தனையோ வருசம்.

கந்தோரில் கடிதத்தை வாங்கிய பிள்ளை, தகவல் அலுவலர் லீவு, வைத்துவிட்டுப் போங்கள் என்றார். விண்ணப்பம் கிடைத்ததற்கு உடனே எழுத்தில் ஒரு துண்டு தரவேண்டும் என்பது சட்டம். அந்தத் துண்டு இல்லாவிட்டால் பிறகு நாளை எங்கிருந்து எண்ணுவது? சண்டை பிடிக்காமல் வெளியே வந்து, அதே கடிதத்தைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டை மாமா வாங்கித் தன் டயரிக்குள் வைத்தார். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள்.

தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். சனி, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை கணக்கில் வராது. அந்தக் காலம் பேச்சில்லாமல் கழிந்தது. பதில் வராததும் மேன்முறையீட்டுக்குப் போதிய காரணம்தான். பதினான்கு நாளுக்குள் அதே நிறுவனத்தில் அதற்கென்று நியமித்த மேலலுவலருக்கு எழுதவேண்டும். அவருக்கு மூன்று கிழமை. அவரும் பேசாமல் இருந்தால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆணைக்குழுவின் பெயரை மேன்முறையீட்டின் கடைசி வரியில் மாமா வேண்டுமென்றே போடவைத்தார். அந்த வரி வேலை செய்தது என்றுதான் நினைக்கிறேன். கவனமாகக் கட்டிய கடித உறை ஒன்று வீட்டுக்கு வந்தது.

ரனிங் சார்ட் வாசிப்பது தனிக் கலை. சாரதியின் கையெழுத்து, மீற்றர் இலக்கம், எங்கே நிரப்பியது, எங்கே இறக்கியது. பவுசர் பெரும்பாலும் வேலணை சாட்டிக் கிணறுகளில் நிரப்பியிருக்கிறது. திருவிழா நாட்களில் முழுக்கக் கோயிலடி. இடையில் "பம்ப் பழுது" என்று தொடர்ந்து சில வரி. சாரதி ஏமாற்றவில்லை. லிஸ்டில் இருந்த இடமெல்லாம் போயிருக்கிறான்.

கோளாறு லிஸ்டில்தான். எங்கள் ஒழுங்கையின் கிழக்குப் பக்கம் ஒரு கிராம சேவையாளர் பிரிவு, மேற்குப் பக்கம் இன்னொன்று. இரண்டு பிரிவிலிருந்தும் சபைக்குப் போன பட்டியலில் ஒழுங்கையே இல்லை. ஒருவர் மற்றவருடைய பட்டியலில் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அதோடு இந்த ஒழுங்கையில் பாதி வீட்டின் சொந்தக்காரர் பரிசிலும் லண்டனிலும். சோலைவரி என்கிற வீட்டுவரிப் புத்தகத்தில் அவர்கள் பெயர், வீட்டில் காவலுக்கும் வாடகைக்கும் இருக்கிறவர்களின் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் ஆளில்லாத ஒழுங்கை. தண்ணீர் யாருக்கு ஊற்றுவான்?

இரண்டு கிராம சேவையாளரிடமும் அந்தப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருவர் அன்றே குடும்பப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வைத்தார். மற்றவர் எல்லை வரைபடம் பார்க்கவேண்டும் என்று கொஞ்சம் இழுத்தார், பிறகு தந்தார். அதற்குள் மாரி தொடங்கிக் கிணறு ஊறிவிட்டது. ஊறினால் எல்லாரும் மறந்துவிடுவோம். கோப்பும் அங்கேயே கிடக்கும். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து புது உறுப்பினர் வந்த பிறகு அந்தக் காகிதக் கட்டை அவர் கையில் கொடுத்தேன். முறைப்பாடாகப் போயிருந்தால் "பார்ப்போம் அக்கா" என்றிருப்பார். சபையின் சொந்தப் பதிவு என்பதால் அமர்வில் வாசிக்க அவருக்கும் வசதி.

எங்களைவிட மோசமான நிலையில் நெடுந்தீவுச் சனம். எங்களுக்குக் கடலைக் கடக்கத் தாம்போதிப் பாதை இருக்கிறது, பஸ்ஸில் ஏறி ஒரு கையெழுத்துக்கு யாழ்ப்பாணம் போய்ப் பின்னேரம் திரும்பலாம். அவர்கள் குமுதினிப் படகில் கடல் தாண்டிக் குறிகாட்டுவானில் இறங்கி, அதற்குப் பிறகுதான் பஸ். காற்று பலத்தால் அதுவுமில்லை. பதிவுத் தபாலில் போடலாம் என்ற ஏற்பாடு அவர்களுக்குத்தான் கூடுதலாக உதவும்.

இப்போது ஒழுங்கை வாசலில் சீமெந்துக் கட்டில் ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிற்கிறது. பவுசர் வருகிறது, சில கிழமை சொன்ன நாளுக்கு, சில கிழமை பிந்தி. தாங்கியின் அடியில் பச்சைப் பாசி படிய ஆரம்பித்திருக்கிறது. கடைசியாகக் கழுவிய திகதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் மாதிரி எடுத்த பதிவும் கேட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கவேண்டும்.