முதுகுக்கு டேப் வேணுமா?

மடக்கு சவரக்கத்தி தீட்டுறவங்க நடுவுல சண்டை மூட்டிவிட ஒரே கேள்வி போதும்: கத்தியோட முதுகுல, அதாவது வெட்டாத தடிச்ச பக்கத்துல, டேப் ஒட்டணுமா, வேண்டாமா?

அருவாமனை, சமையல் கத்திக்கெல்லாம் நாமதான் கோணம் பிடிக்கணும். இதுக்கு அது வேண்டாம். முதுகும் வாயும் (வெட்டுற பக்கம்) சேர்ந்தே கல்லுல படியும். முதுகோட தடிமன்தான் கோணத்தை முடிவு பண்ணுது. முதுகுலேர்ந்து வாய் வரைக்கும் அகலம் 16 மி.மீ., முதுகு தடிமன் 4.6 மி.மீ.ன்னா சுமார் 16.5 டிகிரி வரும். 0.15 மி.மீ. இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு ஒட்டினா கிட்டத்தட்ட 1 டிகிரி ஏறும். அந்த ஒரு டிகிரி கன்னத்துக்குத் தெரியுதுன்னு சத்தியம் பண்றவங்க இருக்காங்க. நான் நம்புறதில்லை.

வெறும் முதுகா தீட்டினா வாயோட முதுகும் தேயும், கோணம் ஏறக்குறைய அப்படியே நிக்கும். செஞ்சவன் போட்ட கணக்கே அதுதான். என் ஓட்டும் அதுக்குத்தான். ஆனா ஜெர்மனியோட ஸோலிங்கன், இங்கிலாந்தோட ஷெஃபீல்டு ஊர்கள்ல செஞ்ச பழைய கத்தியில முதுகு மேல தங்கப்பூச்சோ செதுக்கு வேலையோ இருந்தா? கல்லுல வைக்க மனசு வராது. ஒட்டிடுங்க.

ஒட்டினா கடைசிக் கல் வரைக்கும் ஒட்டியே தீட்டணும். நடுவுல உரிச்சுட்டா கத்தி தாழ்ந்து படுத்துரும், வாயோட விளிம்பு கல்லைத் தொடாது. சந்தேகம்னா வாயோரமா மார்க்கர் தடவி ரெண்டு இழுப்பு இழுத்துப் பாருங்க, விளிம்புல மை அப்படியே நிக்கும். டேப்பும் உரசி மெலியும்; கல் மாத்தும்போது அதையும் மாத்துங்க.

உரிச்சதும் பிசின் ஒட்டியிருந்தா ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. தங்கப்பூச்சு மேல மட்டும் அழுத்தித் தேய்க்காதீங்கப்பா.