சிறிய நாடகக் குழுவில் ஒரு நடிகரை வளர்த்தெடுப்பது

கோலாலம்பூரில் தமிழ் நாடகக் குழு என்றால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பகலில் எல்லாருக்கும் வேலை இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஒத்திகை. வாரத்துக்கு மூன்று இரவு, இரவுக்கு இரண்டரை மணி நேரம் என்று எட்டு வாரம் உழைத்தால் கிடைப்பது 60 மணி நேரம். ஒன்றரை மணி நேர நாடகத்தை மேடையேற்ற அது போதும். அதற்குள்ளேயே ஒரு புதியவரை நடிகராகவும் ஆக்கிவிட முடியாது. நாலைந்து நாடகங்களுக்குச் சேர்த்துத் திட்டம் போட்டால்தான் ஆள் தேறுவார்.

புதிதாக வருகிறவருக்கு முதல் நாடகத்தில் பிராம்ப்டர் வேலையை, அதாவது பிரதியோடு ஓரமாக இருந்து வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கொடுங்கள். எடுபிடி வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் நாடகம் முழுவதையும் ஒவ்வோர் இரவும் வரிவரியாகப் பின்தொடர்கிறவர் இயக்குநரை விட்டால் பிராம்ப்டர் ஒருவர்தான். வசனப் பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து ஃபைலில் போடச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எந்த வார்த்தையில் எழுகிறார் என்பதை அங்கே பென்சிலால் குறிக்க வேண்டும். பேனா கூடாது, அசைவுகள் வாராவாரம் மாறும். நடிகர் வேண்டுமென்றே மௌனமாக நிற்கும் இடங்களில் சாய்கோடு போட வேண்டும். இந்தக் கோடு இல்லாத பிரதிதான் பெரிய தொல்லை: நடிகர் அழுத்தத்துக்காக நிறுத்துவார், அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துப் பிராம்ப்டர் எடுத்துக் கொடுத்துவிடுவார், காட்சி உடையும். எடுத்துக் கொடுக்கும்போது முதல் இரண்டு சொல் போதும், உணர்ச்சி கலக்காமல். முழு வரியையும் நடித்துக் காட்டினால் நடிகர் அந்த ராகத்தையே பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது நாடகத்தில் ஏழெட்டு வரி வசனம் உள்ள வேடம். இங்கே கவனிக்க வேண்டியது குரல். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வருவேனா, வரமாட்டேனா என்பது அங்கேதான் தெரியும். புதிய நடிகருக்கு மூச்சு தீர்வதும் அதே இடத்தில். “நாளைக்கு நான் அந்த வீட்டுக்கு…” வரை கணீரென்று கேட்கும், “வரமாட்டேன்” தொண்டைக்குள் போய்விடும். பின்வரிசைக்காரருக்குக் கதையே தலைகீழாகிவிடும். எட்டுப் பத்துச் சொல்லுக்கு ஒரு மூச்சு என்று பிரித்து, வினைச்சொல்லுக்கு முன் பாதி மூச்சாவது மிச்சம் இருக்கும்படி பழக்க வேண்டும். கத்தச் சொல்வது தீர்வல்ல. கத்தினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும்.

அரங்கின் அளவும் இதோடு சேர்ந்த விஷயம். செந்தூலில் பழைய ரயில்வே பட்டறையைப் புதுப்பித்து 2005-இல் திறந்த கேஎல்பேக் கலை மையத்தில் பெந்தாஸ் 1 அரங்குக்கு ஏறத்தாழ 500 இருக்கைகள். பெந்தாஸ் 2 அதில் பாதிகூட இல்லை. சின்ன அரங்குக்குப் பழகிய குரல் பெரியதில் எட்டாது, ஏர்கான் இரைச்சல் வேறு. ஆகவே ஒத்திகைக் கூடத்தின் தரையில் மேடையின் உண்மையான நீள அகலத்தை டேப்பால் ஒட்டிவிட்டு, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது நாடகத்தில் ஒரே நடிகருக்கு இரண்டு வேடம். ஆள் குறைவான குழுக்களுக்கு இது கட்டாயம். நடிகருக்கு இது நல்ல பயிற்சி. சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னால் வெல்குரோ தைத்து, இரண்டாவது வேடத்தின் வேட்டியை முதல் வேடத்தின் உடைக்கு உள்ளேயே கட்டிவிட்டால் பக்கத் திரைக்குள் ஒரு நிமிடத்தில் மாறலாம். உடை மாறியும் நடை மாறாததுதான் பலரிடம் காணும் கோளாறு. அதனால் உடையே இல்லாமல் இரண்டு வாரம், நடையிலும் பேச்சு வேகத்திலும் மட்டும் ஆளை மாற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

கதாநாயக வேடம் அதற்குப் பிறகு. குழுவில் ஆள் இல்லை என்று முன்கூட்டியே தூக்கிக் கொடுத்தால், மனப்பாடம் செய்வதிலேயே ஆறு வாரம் போய்விடும். நான்காவது வார முடிவில் பிரதி கையை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எதிரே நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்கி நடிப்பது அதற்கப்புறம்தான் ஆரம்பமாகும்.

இன்னொரு அநியாயமும் நடக்கிறது. கட்டைக் குரல் என்பதற்காக ஒருவருக்கு வருடக்கணக்கில் அப்பா வேடமே கொடுப்பது. இயக்குநருக்குச் சௌகரியம், நடிகர் அங்கேயே தேங்கிவிடுகிறார். மூன்று நாடகத்துக்கு ஒருமுறையாவது அவருக்குப் பொருந்தாத வேடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வெளியே போய் நடிக்க விரும்புகிறவரைத் தடுக்காதீர்கள். இயக்குநர் கிரிஷென் ஜித், எழுத்தாளர் கே.எஸ். மணியம் உள்ளிட்டோர் 1984-இல் தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் போன்ற குழுக்களால் இந்த ஊரில் பல இனத்தவரும் ஒரே மேடையில் நிற்பது பழகிப்போன ஒன்று. முறையாகப் படிக்க விரும்பினால் அஸ்வாரா என்ற தேசியக் கலைக் கல்விக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு நாடகம் நடித்துவிட்டு வருகிறவர் நேரக் கட்டுப்பாட்டையும் ஸ்டேஜ் மேனேஜர் சொல்லுக்குக் கட்டுப்படுவதையும் சேர்த்தே கொண்டுவருவார். தேதிகளை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாடகங்களின் கடைசி வாரம் ஒன்றோடொன்று மோதினால் நட்டம் இரு தரப்புக்கும்தான்.