பயறு வண்டு அறுவை: காரத்தில் கரைந்துபோகும் பாதி

சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் வயல் ஈரத்தில் தெளித்த பயறு, பங்குனியில் வீடு வந்து சேரும். வைகாசியில் சாக்கைத் தூக்கினால் அடியில் மாவு, பயறில் வட்ட ஓட்டை. வண்டு வெளியிலிருந்து புகுந்ததல்ல. பல நேரம் வயலிலேயே முற்றிய காயில் முட்டை இட்டுக் கூடவே வந்ததுதான். சலித்துத் தட்டில் கொட்டினால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒரே சாக்கில் இரண்டு இனம் கலந்திருப்பதும் உண்டு: காலோசோப்ரூக்கஸ் மாகுலேட்டஸ், காலோசோப்ரூக்கஸ் சைனென்சிஸ். இவற்றின் இனப்பெருக்க உறுப்புகளை அறுத்து ஒப்பிட்டுப் பார்த்த வேலையின் குறிப்பு இது.

சைனென்சிஸை வெளியிலிருந்தே பிடித்துவிடலாம். மார்புத் தகட்டின் பின்விளிம்பு நடுவில் தந்த நிறத்தில் இரண்டு மேடு இருக்கும். ஆணின் உணர்கொம்பு சீப்புப் பல் மாதிரி நீளும். மாகுலேட்டஸின் கொம்பு வெறும் ரம்பப் பல்தான். மாகுலேட்டஸ் பெண்ணின் வால்பக்கத் தகட்டில் இருபுறமும் கருப்பட்டை, நடுவே வெளிர்க்கோடு. குழப்புவது மூன்றாவது உறவான அனாலிஸ். அதையும் மாகுலேட்டஸையும் ஒன்றாகவே எண்ணிய காலம் நீண்டது. 1957-ல் சவுத்கேட், ஹோவ், பிரெட் மூவரும் தனித்தனி இனம் என்று நிலைநாட்டினார்கள். பின்தொடையின் உட்பல்லைப் பார்த்தால் போதும்: மாகுலேட்டஸில் நன்றாக எழும்பி நிற்கும், அனாலிஸில் மிகச் சிறிதாக இருக்கும் அல்லது இருக்காது. நெரிசலில் வளர்ந்த மாகுலேட்டஸ் பறக்கும் வடிவமாக வெளிவரும். அதன் வால்தகட்டுக் கோலமே வேறு. புது இனம் கிடைத்ததென்று துள்ளுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

வளர்ப்பு சுலபம். வளர்ந்த வண்டுக்குத் தீனியும் தண்ணீரும் வேண்டாம். மருந்து கலக்காத பாசிப்பயறோ காராமணியோ 200 கிராம். விதைக்கென்று வாங்கியது ஆகாது, பூச்சிமருந்து ஏறியிருக்கும். முதலில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து உள்ளிருக்கும் புழுவைக் கொன்று, பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வியர்த்த பயறை அப்படியே பாட்டிலில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். வாயகன்ற கண்ணாடி பாட்டில், மல் துணி, ரப்பர் பேண்ட், பத்து ஜோடி வண்டு. இரண்டு நாளில் பெரிய வண்டுகளை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளிவரும். நம் ஊர் வெக்கையில் மூன்றரை, நான்கு வாரம்.

இன்னும் இணை சேராத, அதாவது கூடாத, வண்டு வேண்டுமென்றால் பாட்டிலில் விடக்கூடாது; வெளிவந்த வேகத்தில் கூடிவிடும். பயறின் மேல் முட்டை வெளுத்ததும், அதாவது புழு உள்ளே துளைத்து முட்டை ஓட்டில் தூள் நிரம்பியதும், ஒரு முட்டையை மட்டும் விட்டு மற்றவற்றை ஊசியால் சுரண்டிவிட்டு, ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் பயறுக்கு ஒன்றாக அடைக்கலாம். இதில் இன்னொரு லாபம்: ஒரே பயறில் மூன்று நான்கு புழு தின்றால் வண்டு சிறுக்கும், உறுப்பின் அளவும் மாறும், பிறகு இனங்களின் வேறுபாடா, பட்டினியின் வேறுபாடா என்று பிரிக்க முடியாது.

ஆணுக்கு வருவோம். வெளிவந்து இரண்டு நாள் கழித்து எடுங்கள். அதற்கு முன் ஓடு இறுகியிருக்காது. அரை மணி ஃப்ரீசர். வயிற்றைக் கழற்றி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் (100 மில்லி தண்ணீரில் 10 கிராம்) ஓர் இரவு. உரக்கடைப் பொட்டாஷ் இதற்கு உதவாது, அது பொட்டாசியம் குளோரைடு. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியக் கிண்ணம் கூடாது. காலையில் தண்ணீரில் அலசி, வினிகர் இரண்டு சொட்டு, பிறகு கிளிசரின். நுண்ணோக்கியில் 40 மடங்கில் வால்தகட்டின் அடியிலிருந்து ஆணுறுப்புக் குழாய் தனியே வரும்.

இந்த ஆணுறுப்பில் முட்கள் உண்டு. அவை இருப்பது குழாயின் மேலே அல்ல, உள்ளே மடங்கியிருக்கும் பையில். கூடும்போது அந்தப் பை சட்டைக்கை வெளியே புரள்வது போலப் புரண்டு விரியும், அப்போதுதான் முள் வெளிப்பக்கம் வரும். காரத்தில் தெளிந்த குழாயை ஊடொளியில் 100 மடங்கில் பார்த்தாலே முட்கள் நிழலாகத் தெரியும். புரட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால், ஸ்பிரிட் விளக்கில் இழுத்து மெலிதாக்கிய கண்ணாடிக் குழலைச் சிரிஞ்சில் மாட்டி, உறுப்பின் அடிவாயில் செருகித் தண்ணீரை மெல்ல அழுத்தலாம். அவசரப்பட்டால் பை கிழியும். காரத்தில் அதிகம் ஊறியிருந்தாலும் கிழியும்.

இதுவரை எல்லாம் சரியாக வரும். பெண்ணையும் இதே காரத்தில் போடுவதுதான் பெரிய தப்பு. காரம் தசையையும் இணைப்புத் திசுவையும் கரைத்துவிட்டு வெறும் உட்தோலை விட்டுவைக்கும். ஆணின் முள்ளுக்கு எதிராகப் பெண்ணில் வளர்ந்ததோ அந்தத் திசுதான். அடையாளம் காண மட்டும் அறுக்கிற பழக்கத்திலிருந்து வந்த முறை இது. ஆண் கிடைத்தால் போதும், பெண் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பெண்ணைப் புதிதாகவே அறுக்க வேண்டும். சாராயத்தில் போட்டது விறைத்து நார்நாராகப் பிய்யும். மெழுகு ஊற்றிய தட்டு (விளக்குக்கரி கலந்தால் வெள்ளை உறுப்பு எடுப்பாகத் தெரியும்), அதில் மருந்துக்கடை 0.9% சலைன். மேல்சிறகுகளைக் கழற்றி, வயிற்றின் இரு ஓரமும் கீறி, வால்தகட்டைப் பின்னோக்கி மெல்ல இழுத்தால் உறுப்புத் தொகுதி கூடவே வரும். முட்டைகள் சிதறி மறைக்கும், சலைனை மாற்றுங்கள். புணர்ச்சிக் குழாயை வெட்டியெடுத்து நீளவாக்கில் பிளந்து விரித்துப் பார்த்தால், கூடிய மாகுலேட்டஸ் பெண்ணின் சுவரில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். முள் குத்திய காயம் ஆறிய தழும்பு அவை. கூடிய உடனே அறுத்தால் தழும்பு கறுத்திராது, ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். கூடாத பெண் ஒன்றையும் பக்கத்தில் அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊசி கிழித்த இடம் பழுப்பாகாது, அதுவே அடையாளம்.

ஓர் இனத்தின் ஆணுறுப்பு அதே இனப் பெண்ணுக்கு மட்டும் பொருந்தும் சாவி என்று 1844-ல் லியோன் தூஃபூர் சொன்ன பூட்டுச் சாவி விளக்கம் இந்தத் தழும்புக்குப் பொருந்தவில்லை. சாவி பூட்டைக் கிழிக்குமா? கூடலின் பிற்பகுதியில் பெண் பின்னங்காலால் உதைப்பதைக் குப்பியிலேயே பார்க்கலாம். உதைக்க முடியாமல் செய்தால் கூடல் நீள்கிறது, காயம் கூடுகிறது என்று 2000-ல் கிரட்ஜிங்டனும் சிவா-ஜோதியும் காட்டினார்கள். 2007-ல் ரோன், கட்வாலா, ஆர்ன்க்விஸ்ட் மூவரும் ஏழு விதை வண்டு இனங்களை ஒப்பிட்டார்கள்: ஆணுறுப்பு எந்த இனத்தில் கொடியதோ அதில் பெண்ணின் குழாய்ச் சுவரும் தடித்திருந்தது. ஆணுக்கு என்ன லாபம்? நீள முள் ஆண்களுக்குக் கருத்தரிப்பில் பங்கு கூடுதல் என்று 2009-லும், லேசரால் முள்ளைக் குட்டையாக்கினால் அந்தப் பங்கு குறைகிறதென்று 2012-லும் ஹோட்சி குழுவினர் கண்டார்கள். மாகுலேட்டஸ் பெண் பல ஆண்களோடு கூடும். சைனென்சிஸ் பெண் பெரும்பாலும் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளும். போட்டி இல்லாத இடத்தில் முள்ளின் கதை வேறாக இருக்க வேண்டும், அதனால்தான் இரண்டையும் ஒரே மேசையில் வைப்பது.

அளக்கும்போது இரண்டு கவனம். கவர் ஸ்லிப் நேரடியாக அமுங்கினால் குழாய் நசுங்கி அகலம் பொய்யாகும். உடைந்த கவர் ஸ்லிப் துண்டுகளை இருபுறமும் முட்டுக் கொடுக்கவும். முள் நீளத்தைத் தனியாக எழுதாமல் அதே வண்டின் மேல்சிறகு நீளத்தையும் எழுதுங்கள், பெரிய வண்டுக்குப் பெரிய முள் என்ற சாதாரண உண்மை புதுக் கண்டுபிடிப்பாகத் தோன்றாமல் இருக்க. ஒவ்வொரு குப்பியிலும் பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளேயே இருக்கட்டும். பேனா மை கிளிசரினில் ஊறும், வெளியே ஒட்டியது மழைக்கால ஈரத்தில் உரிந்துவிடும்.