அப்பாவின் பாலிசி வழக்கு தள்ளுபடியான கதை

போன மாதம் நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் இன்சூரன்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சுகர் இருந்ததா, அதை மறைத்தாரா என்று தீர்ப்பில் ஒரு வரி கூட இல்லை. காலம் கடந்து வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அப்பா 2021 பிப்ரவரியில் பத்து லட்சத்துக்கு ஆயுள் பாலிசி எடுத்தார், 2022 ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். நாமினியாகப் போட்டிருந்த அம்மா அதற்கு நான்கு மாதம் முன்பே இறந்துபோயிருந்தார், பெயரை மாற்ற வேண்டும் என்று வீட்டில் யாருக்குத் தோன்றும்? நாமினி இல்லையென்றால் பணம் வாரிசுகளுக்கு, அதனால் நானும் தங்கையும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி கிளைம் போட்டோம்.

2023 ஜனவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எட்டு வருடமாகச் சர்க்கரை' என்று இருக்கிறதாம், விண்ணப்பத்தில் 'இல்லை' என்று இருக்கிறதாம். அந்த விண்ணப்பத்தின் நகலைப் பார்த்தேன். கேள்விகளுக்கு நேராக வரிசையாய் ஏஜென்ட் கையெழுத்தில் 'நோ', 'நோ', 'நோ', கடைசியில் மட்டும் தமிழில் அப்பாவின் கோணல் கையெழுத்து. இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அப்பா ஒன்றரை வருடத்திலேயே போய்விட்டார். கட்டிய பிரீமியத்தை மட்டும் கணக்கில் போட்டுவிட்டார்கள்.

இங்கேதான் நான் சொதப்பினேன். வழக்கு என்றாலே பயம், அதனால் மறுபடி பரிசீலியுங்கள் என்று ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் எழுதினேன், அவர்களும் 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டார்கள், அதை நம்பி அடுத்த கடிதம், அதற்கும் அதே பதில், இப்படியே ஏழு ஒப்புகை அட்டைகள் சேர்ந்துவிட்டன. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், காசு கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம், ஆனால் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டது 2025 மே மாதம். இரண்டு வருடக் கெடு ஜனவரியிலேயே முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு வக்கீல் தனி மனு போட்டார், அந்த ஏழு அட்டைகளையும் இணைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே நிமிடம் பேசினார்: கெடு மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து ஓடுகிறது, அதற்குப் பிறகு எத்தனை கடிதம் எழுதினாலும் அது நீளாது. அதையே தீர்ப்பிலும் எழுதிவிட்டார்கள். நான் பத்திரமாகச் சேர்த்து வைத்த அட்டைகள், நான் சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சி என்றுதான் நினைத்திருந்தேன். 'அப்படியென்றால் மறுத்தது உங்களுக்கு அப்போதே தெரியும்தானே' என்று கேட்டுவிட்டார்கள். என்ன சொல்வது?

மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் இருக்கிறது, அதில் 31 போய்விட்டது. தங்கை போதும் அண்ணா என்கிறாள். வக்கீல் பீஸையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.