மலக்காலில் இருந்தபடியே நீட் பிஜி: மிஷனுக்குப் போகும் டாக்டர்களுக்கு

தெற்கு சூடானில் ஐ.நா. அமைதிப்படை மிஷனுக்குப் போக ஆர்டர் வந்ததும் ராணுவத்தின் ஜூனியர் டாக்டர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், நீட் பிஜி எழுதி மேற்படிப்புக்குப் போவது என்ன ஆகும்?" தாராளமாகப் படிக்கலாம். ஊரில் படித்த மாதிரி மணிக்கணக்காக உட்கார மட்டும் முடியாது.

வெள்ளை நைல் கரையில் இருக்கிறது மலக்கால். அங்கே ஐ.நா. அமைதிப்படை முகாமுக்குள் நம் ராணுவம் நடத்துவது லெவல் டூ ஆஸ்பத்திரி, அதாவது ஆபரேஷன் வசதியுள்ள சின்ன ஆஸ்பத்திரி. நாளுக்கு 40 வெளிநோயாளிகள், மூன்று நான்கு ஆபரேஷன்கள் வரை சமாளிக்க வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் அளவு. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் ஓ.பி. முடிந்தால் வார்டு, அப்புறம் மருந்து ஸ்டாக், கொசு ஒழிப்பு, குடிநீர் சோதனை என்று எல்லாம் அதே சில பேர் தலையில்தான். நடுவில் கேஷுவல்டி ஒத்திகைக்கு அழைப்பு வரும். காயம்பட்டவருக்கு 10 நிமிடத்தில் முதலுதவி, 1 மணி நேரத்துக்குள் உயர்நிலை அவசர சிகிச்சை, 2 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்பது அங்கே விதி. சைரன் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டு ஓட வேண்டியதுதான்.

அதனால் படிப்பை 42 நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். நீட் பிஜி தேர்வும் இப்போது அப்படித்தான் நடக்கிறது: மொத்தம் 200 கேள்விகள், ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் 42 நிமிடத்தில் 40 கேள்விகள், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. விடியற்காலையில் ஓ.பி.க்கு முன்னால் ஒரு துண்டு, சாயங்காலம் அதில் தப்பானவற்றை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

வீடியோ வகுப்புகளை டெல்லியிலேயே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். முகாம் இணையத்தை நம்பி எதையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் கரிசல் மண் சேறாகிவிடும், வண்டி நகராது, பார்சலும் தாமதமாகும். ஆகவே அச்சிட்ட நோட்ஸும் கையோடு போகட்டும். நேரலை வகுப்பு என்றால் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதை நினைவில் வையுங்கள். இந்தியாவில் இரவு 8 என்றால் மலக்காலில் மாலை 4.30, டியூட்டி நேரம்.

மிஷன் தரும் பெரிய லாபம் சமூக மருத்துவமும் வெப்பமண்டல நோய்களும். தண்ணீரைச் சுத்திகரிக்க எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று கண்டறியும் ஹாராக்ஸ் பெட்டியை எல்லாரும் மனப்பாடம் செய்வோம். அங்கே நீங்களே கிண்ணங்களை அடுக்கி, எந்தக் கிண்ணத்தில் முதலில் நீலம் தெரிகிறது என்று பார்த்து, அதன் எண்ணை 2 கிராமால் பெருக்கி, 455 லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கேள்வி தவறவே தவறாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயான காலா அசாரை எடுத்துக்கொள்ளுங்கள். மலக்கால் இருக்கும் அப்பர் நைல் பகுதியில் அது ஊறிப்போன நோய். நம் ஊரில் ஒரே டோஸ் லிப்போசோமல் ஆம்போடெரிசின், கிலோவுக்கு 10 மில்லிகிராம். கிழக்கு ஆப்பிரிக்காவிலோ சோடியம் ஸ்டிபோகுளுகோனேட்டும் பாரோமோமைசினும் சேர்த்து 17 நாள் ஊசி. ஒட்டுண்ணி ஒரே லீஷ்மேனியா டோனோவானிதான், ஆனால் பரப்பும் மணல் ஈ வேறு. இந்த நோயைக் கண்டறியும் ஆர்கே39 ரத்தப் பரிசோதனையும் அங்கே இந்தியாவில் போல அவ்வளவு நோயாளிகளைப் பிடித்துக் கொடுப்பதில்லை. அங்கே பார்த்ததை அப்படியே தேர்வில் எழுதினால் மார்க் போகும். அதனால் ஒவ்வொரு நோய்க்கும் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: அங்கே என்ன, இந்தியாவில் என்ன. எனக்கு மிகவும் உதவிய நோட்டு அதுதான்.

மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்திருந்தால் சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலிலேயே காலைப் படிப்பு போய்விடும்.

ஐ.நா. குழு வந்து கருவிகளைச் சரிபார்க்கும் வாரத்தில் படிப்புத் திட்டமே போடாதீர்கள். பலத்த காயத்தோடு ஆட்கள் வந்த இரவுக்கு மறுநாளும் அப்படித்தான். தூங்குங்கள், கூட இருந்த நர்சிங் அசிஸ்டென்ட்களோடு உட்கார்ந்து பேசுங்கள். படிப்பைவிட அது முக்கியம் என்றே நினைக்கிறேன்.

தேர்வு மையங்கள் இந்தியாவில்தான். எனவே லீவு பற்றி கமாண்டிங் ஆபீசரிடம் போன முதல் மாதமே பேசிவிடுங்கள். விமானம் தள்ளிப்போனாலும் சமாளிக்கிற மாதிரி, தேர்வுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் ஊர் வந்து சேரும்படி கேளுங்கள்.