மீன் செதிலில் மோட்டார் புரதங்களின் நடை: மூன்று வாரக் குறிப்புகள்

செல்லுக்குள் சரக்கு இழுக்கும் மோட்டார் புரதங்களை வீட்டு நுண்ணோக்கியில் நேராகப் பார்க்க வழியில்லை. செல்லுக்குள் அவை தண்டவாளம் போலப் பற்றி நடந்துசெல்லும் புரதக் குழாயான நுண்குழலின் விட்டமே 25 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. ஆனால் இழுக்கப்படும் சரக்கு கருப்பாகவும் சற்றுப் பெரியதாகவும் இருந்துவிட்டால், அதன் ஓட்டத்தைக் கொண்டு அந்த நடையை அறியலாம். மீன் செதிலின் கருநிறமிச் செல்கள் அதற்கு மிகவும் ஏற்றவை. அவற்றில் சுமார் அரை மைக்ரான் அளவுள்ள மெலனின் மணிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நுண்குழல்கள் செல்லின் நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல விளிம்பு வரை நீள்கின்றன. அவற்றின் கழித்தல் முனை நடுவிலும் கூட்டல் முனை விளிம்பிலும் அமைந்திருப்பதால், கழித்தல் முனை நோக்கி நடக்கும் டைனீன் என்ற மோட்டார் பற்றிய மணி உள்நோக்கியும், கூட்டல் முனை நோக்கி நடக்கும் கைனெசின் என்ற மோட்டார் பற்றிய மணி வெளிநோக்கியும் செல்லும்.

முதல் வாரம் வீணாயிற்று. சந்தையில் பனிக்கட்டியில் வைத்திருந்த மீனின் செதிலை எடுத்து வந்து பார்த்தபோது, கருநிறமிச் செல்கள் மரத்தின் வேர்களைப் போல அழகாக விரிந்திருந்தன. ஆனால் எந்தக் கரைசலை விட்டும் ஒரு மணிகூட அசையவில்லை. இரண்டாவது வாரம் தொட்டியில் உயிரோடு விற்கும் ஜிலேபி கெண்டையை வாங்கி, வெட்டிய உடனே செதில்களை இடுக்கியால் எடுத்து, உப்புக் கரைசலில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 100 மில்லி காய்ச்சி வடித்த நீருக்கு 0.75 கிராம் சோடியம் குளோரைடு ஒரு கரைசல். அதே அளவு நீருக்கு 0.95 கிராம் பொட்டாசியம் குளோரைடு மற்றொன்று. பொட்டாசியம் அணு எடை கூடியது என்பதால், மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருக்க இந்த எடை வேறுபாடு தேவைப்படுகிறது. எடை துல்லியமாக இல்லாவிட்டால் செல் ஊதியோ சுருங்கியோ போய், பார்ப்பதை நம்ப முடியாமல் போகும்.

செதிலை ஸ்லைடில் வைத்து, மூடுகண்ணாடியின் ஒரு பக்கம் பொட்டாசியம் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் மெல்லிய தாளால் பழைய நீரை உறிஞ்சி எடுத்தேன். அரை நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கிளைகளின் நுனியிலிருந்து கருமை வழிந்து வடிவதைப் போல உள்ளே இறங்கத் தொடங்கி, ஒன்றரை நிமிடத்துக்குள் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு கரும்புள்ளியாகத் திரண்டுவிட்டது. செல் சுருங்கவில்லை, கிளைகள் நிறமற்று அங்கேயேதான் இருந்தன. இந்த வேறுபாட்டை 400 மடங்குப் பெருக்கத்தில் என் கண்ணாலேயே கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

பொட்டாசியம் மோட்டார்களை நேராகத் தொடுவதில்லை. செதிலோடு ஒட்டி வந்த நரம்பு நுனிகளை அது தூண்டுகிறது. அவை நோரட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதனால் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்ற சைகை மூலக்கூறின் அளவு குறைந்து, டைனீனின் கை ஓங்குகிறது. சோடியம் கரைசலை மறுபடி விட்டதும் மணிகள் திரும்பிப் பரவின. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் பிடித்தது. திரள்வது நேர்ப்பயணம், பரவுவதோ முன்னேறி, நின்று, சிறிது பின்வாங்கி, மீண்டும் முன்னேறும் பயணம். ஒரே மணியில் கைனெசின்-2, டைனீன், மயோசின்-5 ஆகிய மூன்று மோட்டார்களும் ஒட்டியிருப்பது தவளையின் நிறமிச் செல்களில் கண்டறியப்பட்டுள்ளது. அந்த இழுபறியைத்தான் நான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் கைபேசியில் பதிந்த காணொளியை வைத்து வேகத்தை அளந்தேன். கூட்டத்திலிருந்து பின்தங்கி, ஒரு கிளை வழியே தனியே வந்த மணி 20 மைக்ரான் தூரத்தை 38 நொடியில் கடந்தது. கைனெசினின் ஓர் அடி 8 நானோமீட்டர், அதாவது நுண்குழலின் கட்டுமான அலகான ஒரு டியூபுலின் இணையின் நீளம் என்பது, நுண்ணிய மணியை ஒளியால் பிடித்து வைக்கும் லேசர் கண்ணியால் 1993-இல் அளக்கப்பட்டது. ஓர் அடிக்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்று செலவாகிறது, பின்கால் 16 நானோமீட்டர் தாவி முன்காலாகிறது. டைனீனின் அடி இவ்வளவு ஒழுங்கானதன்று. சில வேளை நீளும், சில வேளை பின்னோக்கியும் விழும். ஆயினும் பெரும்பாலும் 8 நானோமீட்டர் என்று கொண்டால், நான் பின்தொடர்ந்த மணி சுமார் 2,500 அடிகள், நொடிக்கு 66 அடி வீதம், இழுத்து வரப்பட்டிருக்கிறது.

நுண்குழல்களைக் கலைத்துவிட்டால் ஓட்டம் நிற்க வேண்டும். கால்ச்சிசின் என்ற வேதிப்பொருள் அதைச் செய்யும். நம் செங்காந்தள் கிழங்கில் அது இருக்கிறது. ஆனால் அது உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதால் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, யாரும் கொண்டுவரவும் வேண்டாம். குளிரிலும் நுண்குழல்கள் கலையும் என்பதால், செதில்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, குளிர்ந்த பொட்டாசியம் கரைசலை விட்டுப் பார்த்தேன். மணிகள் அசையவில்லை, அறை வெப்பத்துக்கு வந்து இருபது நிமிடம் கழித்து மெல்லத் திரண்டன. குளிரில் மோட்டார்களும் மந்தமாகும், நரம்பு நுனிகளும் ஓயும். ஆகவே நுண்குழல்கள் கலைந்ததற்கு இதை மட்டும் சான்றாக நான் கொள்ளவில்லை. அடுத்த முறை மணிகளை முதலில் நடுவில் திரட்டிவிட்டு, அதன் பிறகு குளிரவைத்து, சோடியம் கரைசலில் அவை பரவுகின்றனவா என்று பார்க்கப் போகிறேன்; அதற்கான செதில்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மீன் சொல்லி வைத்திருக்கிறேன்.