பீடி ஊர்களில் டிபி கிருமியின் வம்சம் தேடியது

என் ஆய்வுக் கேள்வி இதுதான்: திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் டிபி வருபவர்கள் இப்போது யாரிடமாவது வாங்கிக்கொள்கிறார்களா, இல்லை, என்றைக்கோ உள்ளே போய்ப் படுத்திருந்த கிருமி எழுந்துகொள்கிறதா? கிருமிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டால் ஓரளவு சொல்லலாம்.

முதல் பாடு கல்ச்சர், அதாவது சளியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது. இந்தக் கிருமி ஒருமுறை பெருகவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும். முட்டை சேர்த்த அந்தப் பச்சை எல்ஜே குழாயில் கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்காகும். கோடையில் சளி டப்பா ஆய்வகம் வருவதற்குள் மற்ற கிருமிகள் முந்திவிடும்.

அப்புறம் ஸ்பாலிகோடைப்பிங், டிஎன்ஏவில் குறிப்பிட்ட துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் முறை. ஒரு கிருமிக்கு 43 இடங்கள். இருந்தால் கரும்புள்ளி, இல்லையென்றால் வெறுமை. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் வரிசைக்கு வரிசை 29 முதல் 32 வரையும் 34-உம் காலி. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள ஈஏஐ (கிழக்கு ஆப்பிரிக்க-இந்திய) வம்சத்தின் அடையாளம் அது. 'எல்லாம் ஒரே கிளஸ்டர்', அதாவது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிய கூட்டம், என்று எழுதினால் அபத்தம். இங்கே சுடலை என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அவர்கள் அண்ணன் தம்பிகளா என்ன? ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டின் பிரதிகள் எங்கெங்கே உள்ளன என்று ஒப்பிடும், உலகம் முழுக்கப் பயன்பட்ட முறையும் நமக்குச் சரிவராது. தமிழ்நாட்டுக் கிருமிகள் பலவற்றில் அதன் பிரதி ஒன்றோ பூஜ்யமோதான்.

ஆகவே 24 இட மிரு-விஎன்டிஆர்: டிஎன்ஏவின் 24 இடங்களில் ஒரே துண்டு எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவது. பெரிய கூட்டம் சிதறியது. எண்ணிக்கை ஒத்துப்போன சில ஜோடிகள் மிஞ்சின. அதில் இரண்டு பெண்கள், வேறு வேறு தெரு. 'அவங்களைத் தெரியுமா?' என்று கேட்கவே கூடாது, ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொன்னதாகிவிடும். எங்கெங்கே போவீர்கள் என்றுதான் கேட்கலாம். மடியில் சொளகை வைத்து இலையைச் சுருட்டியபடி, நிமிராமலே அவர்களில் ஒருவரான ஆச்சி சொன்னார்: "நான் எங்கய்யா போறேன்? பீடிக் கடை, ரேசன் கடை, கோயிலு." மற்றவரும் அதே கடையில்தான் பீடி கொடுக்கிறார். கதை கச்சிதமாகப் பொருந்தியது. என் ஆய்வு வழிகாட்டி மட்டும், கிருமிகளின் முழு மரபணு வரிசை வரட்டும் என்றார்.

வந்தது. 44 லட்சம் டிஎன்ஏ எழுத்தில் 5-க்குள் வேறுபாடு என்றால் அண்மைப் பரவல் இருக்கலாம், 12-ஐத் தாண்டினால் வாய்ப்புக் குறைவு என்பது வழக்கமான அளவுகோல். இவர்களுடையது 12-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. கடையைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன்.

இதில் இறங்குபவர்கள் எங்கெங்கே போவீர்கள் என்ற கேள்விகளைச் சளி வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். ஆறு மாத மாத்திரை முடிந்ததும் பலர் வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள்.